பச்சிலையும் பரிசுத்தமும்



வல்ல நாயன் எந்த நோயை இறக்கினானோ அதற்குரிய நிவாரணத்தையும் இறக்கியே இருக்கிறான் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதன் கருத்து. இதை நம்மில் அறியாதார் இல்லை. கருஞ்சீரகம் விற்பவர் முதல் தேன் விற்பவர் வரை இதைச் சொல்லித்தான் சரக்கை எடுத்து வைக்கிறார்கள். சொல்லட்டும், பிழையில்லை. ஆனால் அதே நாயகம் (ஸல்) அவர்கள் இரவில் பாத்திரங்களை மூடி வைக்கவும், தண்ணீர்த் துருத்தியின் வாயைக் கட்டவும் ஏவினார்களே! மக்கள் நீர் எடுக்கும் துறையிலும், நடக்கும் பாதையிலும், தங்கும் நிழலிலும் மலஜலம் கழிப்பது சாபத்தைத் தேடும் செயல் என்று எச்சரித்தார்களே! இவற்றை எத்தனை பேர் எடுத்துச் சொல்கிறோம்? மருந்தைப் பற்றிய ஹதீஸுக்குக் கிராக்கி உண்டு. மலசலகூடத்தைப் பற்றிய ஹதீஸுக்குக் கிராக்கி இல்லை.

இவ்விரண்டையும் பிரித்தால் என்ன நேரும், சேர்த்தால் என்ன நேரும் என்பதை ஆப்பிரிக்கக் கிராமங்களின் பச்சிலை வைத்தியர்களைக் கொண்டு சிந்திப்போம்.

அங்கே பல ஊர்களில் ஆஸ்பத்திரி எட்டாத தூரத்தில் இருக்கும். வைத்தியரோ பக்கத்து வீட்டில் இருப்பார். வேரும் பட்டையும் இலையுமே அவருடைய மருந்துப் பெட்டி. நம் வேப்பமரம் கிழக்கு ஆப்பிரிக்காவில் ‘முவாரோபைனி’ என்ற பெயருடன் நிற்கிறது. நாற்பது நோய் தீர்ப்பது என்று அதற்குப் பொருள். அரபியின் ‘அர்பயீன்’ அந்தச் சொல்லுக்குள் இருப்பதைக் கவனித்தீர்களா? கப்பலில் போனது சரக்கு மட்டுமல்ல!

இத்தகைய வைத்தியர்களை வெகுகாலம் படித்தவர்கள் ஏளனம் செய்தார்கள். 1978ஆம் ஆண்டு அல்மா ஆட்டா நகரில் கூடிய உலக சுகாதார மாநாடு, தக்க பயிற்சி பெற்ற நாட்டு வைத்தியர்களும் ஆரம்ப சுகாதாரப் பணியில் சேரத்தக்கவர்களே என்று ஒப்புக்கொண்டது. மறு ஆண்டே, 1979இல், மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் தெச்சிமான் என்னும் ஊரில் அது செயலுக்கு வந்தது. தெச்சிமானை வியாபாரிகளாகிய நாம் தெரிந்துகொள்வது தகும். வள்ளிக்கிழங்கு மூட்டைகள் மலைபோல் குவியும் பெருஞ்சந்தை அது. அண்டை நாட்டு வணிகர்களும் வந்து கூடும் இடம். அவ்வூரின் கத்தோலிக்க மிஷன் ஆஸ்பத்திரியைச் சேர்ந்தவர்கள் பச்சிலை வைத்தியர்களை அழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். உன் இலையை எறிந்துவிடு என்று சொல்லவில்லை. இலையைச் சுத்தமாகத் தயாரிப்பது எப்படி, கெடாமல் வைப்பது எப்படி, வயிற்றோட்டம் கண்ட குழந்தையை என்ன செய்வது, எந்த நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்பவற்றையே சொல்லிக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியாரும் வைத்தியர்களிடமிருந்து மூலிகைகளைப் பற்றிக் கேட்டறிந்தார்கள். கற்பிக்க வந்தவர் கற்றும் கொண்டார் என்பதே இதில் நமக்கு மிகவும் பிடித்தது.

எத்தனை நல்ல மூலிகையானாலும், குட்டைத் தண்ணீரில் கரைத்து, கழுவாத கையால் ஊட்டினால் மருந்தோடு நோயும் உள்ளே போகும். ஐந்து வயதுக்குட்பட்ட 4 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் ஆண்டுதோறும் வயிற்றோட்டத்தால் மௌத்தாகிறார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிடுகிறது. பெரும்பாலும் கொல்வது உடலில் நீர் வற்றுவதே. ஓட்டம் காணும் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால் ஓட்டம் அதிகமாகும் என்ற எண்ணம் நம்மவரிடையிலும் இருந்ததுதான். காய்ச்சி ஆறிய நீர் ஒரு லிட்டர், தலைதட்டிய தேக்கரண்டியால் ஆறு கரண்டி சீனி, அரைக் கரண்டி உப்பு: இதைக் கலக்கக் கற்ற பச்சிலை வைத்தியரின் பேச்சை ஊரார் கேட்பார்கள். வெள்ளைச் சட்டைக்காரர் சொன்னால் தயங்கும் தாயும் இவர் சொன்னால் தயங்கமாட்டாள்.

நரம்புச் சிலந்தியைப் பாருங்கள். அசுத்தக் குளத்து நீரைக் குடித்தவரின் காலில் சுமார் ஓராண்டு கழித்துக் கொப்புளம் எழும். அதன் வழியே ஒரு கஜம் வரை நீண்ட புழு வெளிவரும். குச்சியில் சுற்றி நாள்தோறும் சிறிது சிறிதாக இழுப்பது பழைய வைத்தியம். அதைக் கொல்ல மூலிகையும் இல்லை, இங்கிலீஷ் மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. 1986இல் உலகில் சுமார் 35 லட்சம் பேருக்கு இருந்த இந்நோய் 2023இல் 14 பேரளவில் சுருங்கியது. கானா நாடு 2015இல் இந்நோயற்றது என்று சான்று பெற்றது. எதனால்? குடிநீரைத் துணியால் வடிகட்டினார்கள். புண்ணோடு குளத்தில் இறங்காதே என்று தடுத்தார்கள். ஒரு முழம் துணி செய்த வேலை! ஜவுளிக்கடை வைத்திருப்போர் இதை ஒருமுறைக்கு இருமுறை படிக்கவேண்டும்.

சூடான் நாட்டில் நைல் நதியோரத்துப் பெண்கள் கலங்கல் நீரைத் தெளிய வைக்க நம் முருங்கையின் விதையை இடித்துக் கலக்குகிறார்கள். அம்மரத்துக்கே ‘தெளிய வைக்கும் மரம்’ என்று அரபியில் பெயர். தெளிந்தது என்பதால் அப்படியே குடித்துவிடலாகாது, காய்ச்சவேண்டும். இதையும் சேர்த்துச் சொல்பவரே நாணயமான வைத்தியர். வைத்தியம் அறியாமல் வைத்தியம் செய்பவன் விளையும் கேட்டுக்குப் பொறுப்பாளி என்று ஹதீஸ் எச்சரிக்கிறது. அப்பொறுப்பு ஆப்பிரிக்கக் காட்டு வைத்தியருக்கு மட்டும்தானா? சர்வரோக நிவாரணி என்று சீட்டு ஒட்டி எண்ணெய் விற்கும் நம் கடைகளுக்கு இல்லையா? தன் இலையால் ஆகாததை ஆகாது என்று ஒப்புக்கொண்டு நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் அந்த ஏழை வைத்தியர் ஒரு கூலியை இழக்கிறார். நாம் ஒரு புட்டியின் லாபத்தை இழக்கத் தயங்குகிறோம்.

இனி நமது தர்மத்தைப் பற்றி. மதீனாவில் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி மக்களுக்குப் பொதுவாக்கிய உதுமான் (ரலி) அவர்கள் ஒரு வியாபாரி. அதனால் ஆப்பிரிக்காவில் கிணறு வெட்டப் பணம் கேட்டால் நம்மவர் தாராளமாகவே கொடுக்கிறார்கள். பெற்றோர் பெயரைக் கல்லில் பொறித்துப் புகைப்படமும் வரும். ஆனால் கழிப்பிடம் கட்டக் கேட்டால் முகம் சுளிக்கிறோம். கழிப்பிடச் சுவரில் தகப்பனார் பெயரைப் பொறிக்க யார் சம்மதிப்பார்!

ஸிம்பாப்வேயில் 1970களில் உருவான ஒரு கழிப்பிடம் உண்டு. குழியிலிருந்து கூரைக்கு மேலே ஒரு குழாய், அதன் வாயில் ஈ வலை, உட்புறம் இருட்டு. வெளிச்சத்தை நாடிக் குழாயில் ஏறும் ஈ வலையைத் தாண்டமுடியாமல் சாகிறது. நாற்றமும் மேலே போய்விடுகிறது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அது இல்லாத ஊரில் நாம் வெட்டிய கிணற்றின் நீரையே அந்த ஈயும் அந்த மழையும் கெடுத்துவிடும். இருக்கும் ஊரில் வைத்தியரின் இலைக்கு வேலை பாதி குறையும்.

ஆகவே அடுத்தமுறை கிணற்றுக்கு வசூல் கேட்டு யாரும் வந்தால் கையை மூடாதீர்கள். ஆனால் வியாபாரியாகவே விசாரியுங்கள். கழிப்பிடம் கிணற்றிலிருந்து எவ்வளவு தூரத்தில் வரும்? கைப்பம்பு பழுதானால் அவ்வூரில் பழுது பார்ப்பவர் யார்? கை கழுவச் சவர்க்காரத்துக்கு வழி என்ன? அவ்வூர்ப் பச்சிலை வைத்தியரைக் கலந்து பேசினார்களா? இல்லை என்றால், அவரோடு பேசிவிட்டு வாருங்கள் என்று சொல்லி, பணத்தை அவர்கள் பெயரிலேயே எடுத்துத் தனியாக வையுங்கள்.