யானைமலையும் கேமராவும்: காண்பதும் கொள்வதும்

மதுரைக்கு வடகிழக்கே, மேலூர்ச் சாலையில் ஒத்தக்கடையை ஒட்டி, படுத்திருக்கும் யானையைப் போலச் சமவெளியில் நீண்டு கிடக்கும் யானைமலை, விடுமுறை நாட்களில் கேமராவுடன் புறப்படுவோர் விடியற்காலையிலேயே வந்து சேரும் இடங்களுள் ஒன்றாக இருக்கிறது. படமெடுப்பதற்கென்றே கொடைக்கானலுக்கும் மேகமலைக்கும் செல்வோர் மூடுபனியையும் பசுமையையும் நாடுகின்றனர். இங்கே கிடைப்பவையோ மொட்டைப் பாறையும் வயலும் தென்னந்தோப்பும்தாம். ஆயினும், இயற்கையைப் படமாக்குவது காண்பதாகுமா, கவர்ந்துகொள்வதாகுமா என்னும் சமய வினாவை ஆராய இதனினும் தக்க மலை அரிது. ஏனெனில் உடைமையைத் துறந்தவர்கள் குடியிருந்த மலை இது.

மலையின் மேற்பகுதியில் உள்ள இயற்கைக் குகைத்தளத்தில், தமிழி எனப்படும் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்ட, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய கல்வெட்டு, அங்குத் தங்கிய சமணத் துறவியரின் பெயர்களைத் தருவதோடு, குன்றையும் யானையின் பெயராலேயே குறிக்கிறது. சமணத் துறவியர் மேற்கொள்ளும் ஐந்து நோன்புகளில் இறுதியானது அபரிக்கிரகம். தமிழ்ச் சமண மரபில் அது மிகுபொருள் விரும்பாமை எனப்படும். துறவிக்கு அது மாவிரதம், அதாவது எதனையும் தனதென வைத்துக்கொள்ளாத முழு நோன்பு. இல்லறத்தானுக்கோ அணுவிரதம், அதாவது தனக்கு இவ்வளவு போதும் என்று தானே எல்லை வகுத்து அதற்குள் நிற்கும் சிறு நோன்பு. பொருளின் மீது மனம் கொள்ளும் பற்றையே உடைமை என்று தத்துவார்த்த சூத்திரம் வரையறுப்பதால், படத்தையும் அந்த அளவுகோலால் அளக்க இடமுண்டு. படமெடுப்பவர் ஒரு கல்லையும் பெயர்த்துச் செல்வதில்லை; ஆனாலும் இந்த மலையும் தம் சேகரிப்பில் சேர வேண்டும் என்னும் வேட்கை அவரை ஆட்கொள்ளக்கூடும்.

இம்மலையைப் படமெடுத்த முன்னோடிகளுள் ஒருவர் லின்னேயஸ் டிரைப். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டிருந்த இப்படை அதிகாரி, 1858-இன் தொடக்கத்தில் திருமலை நாயக்கர் அரண்மனை, புதுமண்டபம், வைகை ஆகியவற்றோடு யானைமலையையும் அதன் ஒரு முனையிலிருந்து பதிவு செய்தார். மெழுகூட்டிய தாளை வெள்ளி உப்புக் கரைசலில் நனைத்து நெகடிவாக்கும் அக்கால முறையில் ஒளி பதிய நெடுநேரம் பிடித்ததால், எங்கே நிற்பது, எப்பொழுது திறப்பது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து சில படங்களோடு நிறைவடைய வேண்டியிருந்தது. இல்லறத்தான் தானே வகுத்துக்கொள்ள வேண்டிய எல்லையை அவருக்குக் கருவியே வகுத்துத் தந்தது. அந்தத் தாள் நீல ஒளியை மிகுதியாக ஏற்று வானத்தை வெறுமையாக்கிவிடும் ஆதலால், நெகடிவ்கள் பலவற்றில் அவர் மேகங்களைக் கையால் தீட்டிச் சேர்த்தார். இது அந்த ஐந்து நோன்புகளுள் மற்றொன்றான பொய்யாமைக்கு மாறானது என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. வெளிறிப்போன அந்த வானமும் கண் கண்ட காட்சி அன்று.

கருவி தானாகக் காண்பதில்லை என்பதைச் சைவ சித்தாந்தம் இன்னும் ஆழமாக விளக்குகிறது. மெய்கண்டாரின் சிவஞானபோதம் 11-ஆம் நூற்பாவில், கண்ணுக்கு உயிர் உடனிருந்து காட்டுவது போல, உயிருக்கு இறைவன் உடனிருந்து காட்டியும் கண்டும் உதவுகிறான் என்று நிறுவுகிறது. இவற்றைக் காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்பர். அவ்வாறாயின், லென்ஸ் என்பது கண்ணுக்கு முன்னே வைக்கப்பட்ட மற்றொரு கண்ணே. காண்பது அதன் பின்னால் நிற்கும் உயிரின் பக்குவத்தைப் பொறுத்தது. யானைமலையே இதற்குச் சான்று. துறவியர் இதை உறைவிடமாகக் கண்டனர். சமணர் மதுரையின் மீது ஏவிய யானையைச் சிவபெருமான் எய்து வீழ்த்த, அதுவே மலையாயிற்று என்று திருவிளையாடல் மரபு கண்டது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சரான மாறன்காரியோ 770-இல் இதே பாறையில் நரசிங்கப் பெருமாளுக்குக் குடைவரைக் கோயில் எடுப்பித்தார்.

ஆகவே படமெடுத்தல் தன்னளவில் குற்றமன்று. அளவின்றி எடுப்பதும், மலையோடு சற்றும் நின்று பழகாமல் எடுத்தவுடன் திரும்புவதுமே பற்றின் அடையாளங்கள். மலையை உண்மையாகவே கவர்ந்துகொண்டால் என்ன மிஞ்சும் என்பதை மேலூர் வட்டாரக் கிரானைட் குழிகள் காட்டி நிற்கின்றன. 2010-இல் யானைமலையில் சிற்ப நகரம் அமைக்கும் திட்டம் ஊர்மக்களின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. அதன் தொடர்ச்சியாக எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் தொடங்கிய பசுமை நடை, பொதுமக்களை இத்தகைய குன்றுகளுக்குத் திரளாக அழைத்துச் சென்றது. அந்நடைகளில் எடுக்கப்படும் படம், இன்ன இடத்தில் இன்னது இருந்தது என்பதற்குச் சாட்சியாகிறது. சாட்சி சொல்பவர் பொருளுக்கு உரிமை கோருவதில்லை.

வருத்தத்துக்குரிய வழக்கம் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். எழுத்துகள் படத்தில் பளிச்சென்று விழ வேண்டும் என்பதற்காகப் பழங்கல்வெட்டுகளின் மீது சுண்ணக்கட்டியால் தேய்ப்போர் உள்ளனர். அவ்வாறு தேய்க்கையில் பொறிப்பின் விளிம்பு மழுங்குவதோடு, பிழையாக வரையப்பட்ட கோடு பின்னர் படிப்போரையும் திசைதிருப்புகிறது. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது, வெட்டிய பள்ளங்களில் நிழல் தங்கி எழுத்து தானே தெளியும். வெயில் எட்டாத குகைத்தளத்தில் ஒரு கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் போதும். யானைமலைக்கும் மதுரையை அடுத்த சமணர்மலைக்கும் கேமராவுடன் செல்வோர் சுண்ணக்கட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு, துறவியர் படுத்த கற்படுக்கைகளில் கால் வைக்காமல், அந்தச் சாய்ந்த ஒளி வரும்வரை காத்திருக்க வேண்டும்.