தேநீருக்குச் சொந்த ஊர் எது?

தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர்ப் பக்கம் இரண்டு பேர் டீக்கடையில் அறிமுகமானால், பெயருக்கு அடுத்த கேள்வி அநேகமாக இதுதான்: "சார், உங்களுக்குச் சொந்த ஊர் எந்தப் பக்கம்?" முப்பது வருடமாக இங்கேயே குடியிருப்பவரும் சங்கரன்கோவில் என்றோ திண்டிவனம் என்றோதான் சொல்வார். சொத்து வரி தாம்பரம் மாநகராட்சிக்கு, ஊர்ப்பாசம் இன்னொரு மண்ணுக்கு. பிறந்த மண் ஒருவரை எந்த அளவுக்கு ஆக்குகிறது என்ற பழைய தத்துவக் கேள்வி இப்படித்தான் இங்கே தினமும் எழுகிறது.

கையில் இருக்கும் தேநீரிடமும் இதையே கேட்கலாம். ஆய்வகத்தில் கேட்டால் பதிலும் கிடைக்கும்.

தேயிலைச் செடிக்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும். அமிலம் கூடிய மண்ணில் அலுமினியமும் மாங்கனீசும் எளிதில் கரையும். பல பயிர்களின் வேரைக் கருக்கிவிடும் அலுமினியத்தை இந்தச் செடி சாவகாசமாக உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கும். கொழுந்தில் குறைவாக, முற்றிய இலையில் பல மடங்காக. ருபீடியம், சீசியம், ஸ்ட்ரான்சியம், பேரியம் போன்றவையும் வேர் வழியே ஏறும். எது எவ்வளவு என்பதில் அடிப்பாறைக்குப் பெரிய பங்கு உண்டு. தேயிலைத் தூளை அமிலத்தில் கரைத்து, ஆர்கான் பிளாஸ்மாவில் செலுத்தி, அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணும் கருவிகள் இருக்கின்றன. பல தனிமங்களின் அளவைச் சேர்த்துவைத்து, ஊர் தெரிந்த மாதிரிகளோடு ஒப்பிட்டால், தூள் எந்த வட்டாரத்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஏமாறும் இடங்களும் உண்டு. தோட்டத்தில் போட்ட உரம் கணக்கைக் குழப்பும். இலையை நசுக்கிக் கிழிக்கும் சி.டி.சி. உருளைகள் தேய்ந்து விழும் இரும்புத்துகள், இரும்பின் அளவை நம்ப முடியாமல் ஆக்கும். பல தோட்டத்துத் தூள்களைக் கலந்து கட்டிய பொட்டலமாக இருந்தால் சிக்கல் இன்னும் கூடும்.

இதில் தாம்பரத்துக்காரர்களுக்கு ஒரு வேடிக்கை இருக்கிறது. பக்கத்துப் பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகள் சார்னோக்கைட் பாறையால் ஆனவை. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் கிடந்த இந்தப் பகுதிக் கல்லை ஆராய்ந்து, 1893-ல் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து வைத்த பெயர் அது. நீலகிரி மலையும் பெரும்பாலும் இதே இனப் பாறைதான். அப்படியிருந்தும் பல்லாவரத்தில் தேயிலை முளைக்கவில்லை. நீலகிரியின் உயரமும் குளிரும் மழையும் அந்தப் பாறையைக் கரைத்து, சுண்ணாம்புச் சத்தை அடித்துப்போய், புளிப்புச் செம்மண்ணை விட்டுவைத்தன. இங்கே அந்த மழையும் இல்லை, அந்தக் குளிரும் இல்லை. தொல்காப்பியம் முதற்பொருள் என்று நிலத்தை மட்டும் சொல்லாமல் பொழுதையும் சேர்த்துச் சொன்னதன் நியாயம் இங்கே புரிகிறது.

மண் செய்யும் வேலையைப் பற்றித் தமிழில் ஒரே குரல் இல்லை. சேர்ந்த நிலத்துக்கேற்ப நீர் திரிவதுபோல, சேர்ந்த இனத்துக்கேற்ப மனிதரின் அறிவு திரியும் என்கிறார் வள்ளுவர். அவர் பார்ப்பது சேர்க்கையை, பிறப்பை அல்ல. புறநானூற்றில் ஔவையார் இன்னும் ஒரு படி மேலே போய் நிலத்தையே விளித்து, உன்மேல் வாழ்பவர் நல்லவரானால் நீயும் நல்லாய் என்று கணக்கைத் திருப்பிப் போடுகிறார். சைவ சித்தாந்தமோ உயிர் சார்ந்ததன் வண்ணமாவது என்று சொல்லிப் படிகத்தை உவமை காட்டும். அருகில் இருக்கும் நிறம் படிகத்தில் தெரியும். நிறம் விலகினால் படிகம் படிகமே.

தேயிலை படிகமல்ல. பறித்து, உலர்த்தி, பொடித்து, வேறு ஊர்த் தண்ணீரில் கொதிக்க வைத்தாலும் மாங்கனீசு போய்விடுவதில்லை. உடலும் அப்படித்தான். பல்லின் எனாமல் சிறுவயதில் உருவாகிறது; அப்போது உண்ட சோற்றிலும் குடித்த நீரிலும் இருந்த ஸ்ட்ரான்சியத்தின் ஐசோடோப் விகிதம் அதில் தங்கிவிடும். எலும்பு வேறு மாதிரி. வருடக்கணக்கில் மெல்ல மெல்லத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே வரும். குடியேறிய ஊரின் நீரும் உணவும் அதில் கலக்கும். டீக்கடைப் பாஷையில் சொன்னால், அந்த முப்பது வருடத்துக்காரருக்குப் பல் சங்கரன்கோவில், எலும்பு தாம்பரம். எங்கிருந்தோ வரும் அரிசியும் காய்கறியும் இந்தக் கணக்கைக் கொஞ்சம் மங்கலாக்கும் என்பது வேறு விஷயம். சித்தாந்தப்படி உடல் மாயையின் காரியம், உயிர் வேறு. ஆகவே ஆய்வகம் பேசக்கூடியது உடலின் பயணத்தைப் பற்றி மட்டுமே. ஒருவர் யார், எங்கே சேர்ந்தவர் என்பது அதன் எல்லைக்குள் வராது.

அரசுகள் இந்த எல்லையை மதித்ததில்லை. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் பிறந்து, அந்த மண்ணின் நீர் குடித்து வளர்ந்த தமிழர்களின் குடியுரிமையை 1948-ல் ஒரு சட்டம் பறித்தது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் அவர்களைத் தொகை போட்டுப் பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம். பார்த்தேயிராத நாட்டுக்குத் "தாயகம் திரும்பியவர்கள்" என்ற பெயரோடு வந்தவர்களுக்கு வேலை தரவே தமிழ்நாடு அரசு நீலகிரியில் தேயிலை பயிரிட்டது; 1976-ல் அது டான்டீ நிறுவனமானது. இலங்கையில் கடைசிவரை நாடற்றவர்களாக எஞ்சி நின்றவர்களுக்கு அந்த நாட்டின் குடியுரிமை தரும் சட்டம் 2003-ல்தான் வந்தது.