இருபதாவது வளைவில் ஒரு அரோகரா



போன ஞாயித்துக்கிழமை ஏற்காடு போயிட்டு வந்தேன். அங்க நடந்ததை உங்ககிட்ட சொல்லாம இருக்க முடியல.

சேலத்துலயே இருந்துகிட்டு ஏற்காடு பக்கம் போய் நாலு வருஷமாச்சு. அப்பா போனதுக்கு அப்புறம் வீட்டுக் கடன், அம்மாவோட சுகர் மாத்திரை, தங்கச்சி கல்யாணம் எல்லாமே என் தலையில. "முதல்ல கடன் முடியட்டும், அப்புறம் சிரிச்சுக்கலாம்"னு எனக்குள்ளயே ஒரு முடிவு எடுத்து வச்சிருந்தேன். பூஜை அறையில நின்னாலும் பட்டியல்தான் வாசிப்பேன். தவணை தேதி, இன்க்ரிமென்ட், தங்கச்சிக்கு வரன். முருகனோட முகத்தைப் பார்த்தேனான்னு கேட்டா, இல்லை.

ஆறு வயசு அக்கா பையன் அடம் பிடிச்சதாலதான் பஸ் ஏறினேன். மலைப்பாதையில 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்ட போர்டு. அவன் போர்டை எண்ணிக்கிட்டு வந்தான். நான் போன்ல மாசக் கணக்கை எண்ணிக்கிட்டு வந்தேன். இருபது வந்ததும் பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி "அரோகரா!"ன்னு கத்தினான். மானம் போகுதேன்னு வாயைப் பொத்தப் போறதுக்குள்ள, முன் சீட்டுப் பாட்டி அதைவிடச் சத்தமா பதில் அரோகரா போட்டாங்க.

ஊரைத் தாண்டி மேல சேர்வராயன் கோவில். இந்த மலைத்தொடருக்கே பேர் கொடுத்த சாமி. மலைவாழ் மக்கள் தலைமுறை தலைமுறையா கும்பிடுற சேர்வராயனும் காவேரி அம்மனும் அங்க ஒரு குகைக்குள்ள இருக்காங்க. மே மாசம் திருவிழா. பொடியன் நிமிர்ந்தபடியே உள்ள ஓடிட்டான். நான் குனிஞ்சு, தட்டுத் தடுமாறி, தலையை வேற இடிச்சுக்கிட்டேன். "மாமா, நீ ரொம்பப் பெருசா இருக்க!"ன்னு இருட்டுக்குள்ள இருந்து அவன் சிரிச்சான். எனக்கும் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துருச்சு. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சேன். அது முழுக்கச் சிரிப்புத் தண்ணியும் இல்ல.

அது முருகன் கோவில் இல்லையேன்னு யாராவது கேக்கலாம். குறிஞ்சி நிலம் முழுக்க அவனோடதுதானே! அவனுக்குக் குகன்னும் ஒரு பேர் உண்டு. நம்ம இதயக் குகையில இருக்கிறவன். சுவாமிமலையில பிரணவப் பொருள் கேக்க அப்பனே அந்தப் பிள்ளை முன்னாடி பணிஞ்சு நின்னான். நான் தலை இடிச்சுக்கிட்டதெல்லாம் எம்மாத்திரம்.

வெளிய வந்து பாறையில உக்காந்தப்போ சிலப்பதிகாரம் ஞாபகம் வந்துச்சு. கடலாடு காதையில மாதவி ஆடின 11 ஆடல்கள்ல ரெண்டு முருகன் ஆடினது. துடி ஒண்ணு, குடை ஒண்ணு. துடி எங்க ஆடினான் தெரியுமா? சூரனை வென்ற பிறகு, நடுக்கடல்ல, அலையையே மேடையாக்கி! தேவர்படை மொத்தத்துக்கும் சேனாபதி அவன். அவனைவிடவா நமக்குப் பொறுப்பு? வருஷா வருஷம் சஷ்டிக்குச் சூரசம்ஹாரத்தை உருகி உருகிப் பார்க்கிறோம். வேல் பாய்ஞ்சதும் அரோகரா போட்டுட்டுக் கிளம்பிடுறோம். அதுக்கப்புறம் ஒரு ஆட்டம் இருக்குங்கிறதையே நான் மறந்துட்டேன்.

போர் முடிஞ்சுதானே ஆடினான், உன் கடன் முடியலையேன்னு என் மனசே எதிர்க்கேள்வி கேட்டுச்சு. நியாயமான கேள்விதான். அதுக்குப் பழனிதான் பதில். அங்க காலையில சாதுவா இருக்கிறவன், அப்புறம் வேடன், காலசந்தியில பாலகன், சாயரட்சைக்கு ராஜா. எல்லாம் ஒரே நாள்ல. நாம ராஜ அலங்காரத்துக்குத்தான் முண்டியடிக்கிறோம். கிரீடம் வச்சவனும் காலையில குழந்தையா நின்னவனும் ஒரே ஆள்தான். நாளைக்கும் குழந்தையா நிப்பான்.

சாயங்காலம் ஏரியில மிதி படகு. பாதி ஏரியில தவணை மெசேஜ் வந்துச்சு. அங்கயே கட்டினேன், போனைப் பையில போட்டேன். "மாமா, மிதி! பின்னாடி அந்தப் படகு முந்துது!"ன்னு கத்தினான். முட்டி வலிக்க மிதிச்சேன். முந்த விடல.

இறங்கும்போது ரெண்டு பேரும் வளைவை இருபதுல இருந்து தலைகீழா எண்ணினோம். பதினாலை நான் விட்டுட்டேன், நல்லா திட்டு வாங்கினேன்.

கடன் இன்னும் ஆறு வருஷம் இருக்கு. அன்னைக்கு ராத்திரி விளக்கேத்திட்டு நின்னப்போ பட்டியல் ஞாபகம் வரல. கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாங்க.

ஓம் சரவணபவ!