எழும் அளவு

மனிதன் தன் ஆற்றலுக்குத் தானே ஓர் எல்லையை இட்டுக்கொள்ளும்போது அவன் குறைந்துபோகிறானா, அல்லது அந்த எல்லையால்தான் அவனுடைய ஆற்றல் பயன்படத் தொடங்குகிறதா என்ற கேள்வி, நோன்பு, நியமம், துறவு ஆகியவற்றைப் பேசும் சமய நூல்களின் அடியில் இடையறாது ஓடிக்கொண்டிருப்பது. அதைக் கோயில் மண்டபத்தில் வைத்து ஆராய்வதே மரபு என்றாலும், இரும்பும் எண்ணெயும் புழங்கும் வடசென்னையில் அதைப் பட்டறை மேசையின்மீது வைத்து ஆராய்வதும் தகும். 1955இல் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் ஆலை திருவொற்றியூரில் அமைந்து புல்லட் வண்டிகளைத் தயாரித்து வந்ததால், ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் ஏறியிறங்க, உள்ளிருக்கும் சுருள்வில்லும் எண்ணெயும் சாலையின் அடியை வாங்கிக்கொள்ளும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க் இப்பகுதியின் மெக்கானிக்குகளுக்கு நெடுங்காலப் பழக்கமுள்ள பொருள். மலைச்சைக்கிளின் முன்சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க்கும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. பல வகைகளில் சுருள்வில்லுக்குப் பதிலாக அடைக்கப்பட்ட காற்று வேலை செய்கிறது என்பதே பெரிய வேறுபாடு.

அத்தகைய ஃபோர்க் முழுவதும் நீண்ட நிலையிலிருந்து முழுவதும் அழுந்திய நிலை வரை எவ்வளவு தூரம் நகருகிறதோ அந்த அளவை ‘டிராவல்’ என்பர். 120 மில்லிமீட்டர் டிராவல் உள்ள ஃபோர்க், பாறையும் பள்ளமும் நிறைந்த மலைச்சரிவை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் கடலோரச் சமநிலத்திலோ ஏறுவதற்குக் குன்று இல்லை. கன்டெய்னர் லாரிகள் அரைத்துப்போட்ட குழிகளே உள்ளன. இந்தச் சாலையில் பிரேக் பிடித்தால் முன்பகுதி வேண்டாத அளவுக்குக் குனிகிறது. எழுந்து நின்று மிதித்தால் காலின் விசையில் ஒரு பங்கு ஃபோர்க்கை அமுக்குவதிலேயே செலவாகிறது. 80 அல்லது 100 மில்லிமீட்டருக்கென வடிவமைத்த சட்டகத்தில் நீளமான ஃபோர்க்கைப் பொருத்திவிட்டாலோ சிக்கல் இன்னும் கூடுகிறது: முன்பகுதி உயர்ந்து, ஹேண்டில்பாரைத் தாங்கும் குழாய் பின்னோக்கிச் சாய்ந்து, மெதுவாகச் செல்கையில் சக்கரம் நேர்கோட்டில் நில்லாமல் அலைகிறது. 20 மில்லிமீட்டர் நீளம் கூடினால் அச்சாய்வு ஏறத்தாழ ஒரு பாகை மாறும்.

டிராவலைக் குறைக்கும் பணி வீட்டிலேயே செய்யக்கூடியது. ஆயினும் பொறுமை வேண்டுவது. முதலில் வால்வைத் திறந்து காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும். அழுத்தம் உள்ளே தங்கியிருக்கப் பாகங்களைக் கழற்றினால் அவை தெறித்து ஆளைக் காயப்படுத்தும். பின் கீழ்க்கால்களின் அடியில் உள்ள போல்ட்டுகளைச் சில சுற்றுகள் தளர்த்தி, பிளாஸ்டிக் சுத்தியால் மெல்லத் தட்டி, உள்ளிருக்கும் பழைய ஆயிலை வடியவிட்டுக் கீழ்க்கால்களை உருவ வேண்டும். காற்றறை உள்ள குழாயின் அடியில் பிடித்திருக்கும் சர்க்கிளிப்பை அகற்றினால் பிஸ்டனும் அதன் தண்டும் வெளியே வரும். இதற்கு இடம் தரும் வகை ஃபோர்க்குகளில், அந்தத் தண்டில் பிஸ்டனுக்குக் கீழே ‘ஸ்பேசர்’ எனப்படும் சிறு பிளாஸ்டிக் துண்டைப் பொருத்தி, கிரீஸ் தடவி, எல்லாவற்றையும் பழையபடி சேர்த்து, புதிய ஆயில் விட்டு, ஓட்டுபவரின் எடைக்கேற்பக் காற்றடைத்தால் வேலை முடிகிறது. வேறு வகைகளில் தண்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

இச்செயலில் சிந்தனைக்குரிய இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. முதலாவது, குறைப்பதற்காக இங்கே எதுவும் வெட்டப்படவில்லை, ஒன்று சேர்க்கப்படுகிறது. இரண்டாவது, ஸ்பேசர் ஃபோர்க்கின் இறங்கும் எல்லையைத் தொடுவதில்லை. முழுவதும் அழுந்தும்போது அது முன்பு எந்த இடம் வரை சென்றதோ இப்போதும் அந்த இடம் வரை செல்கிறது. குறைவது எழும் அளவு மட்டுமே. பாரத்துக்குப் பணியும் தன்மை அப்படியே இருக்க, பாரமில்லாதபோது உயர்ந்து நிற்கும் உயரம் மட்டும் கட்டுக்குள் வருகிறது.

எல்லையைப் பற்றிய இதே கேள்வியைச் சைவத்தின் இரு மரபுகள் வெவ்வேறு முடிவுக்குக் கொண்டுசென்றன. உலகப் பொருள்களையும் உயிரின் கருவிகளையும் சைவ மரபு 36 தத்துவங்களாகப் பகுக்கிறது. அவற்றில் காலம், நியதி, கலை, வித்தை, அராகம் என்னும் ஐந்தும் உயிரைச் சட்டைபோலப் போர்த்தியிருப்பதால் பஞ்ச கஞ்சுகம் எனப்பட்டன. அபினவகுப்தர் முதலியோர் வளர்த்த காஷ்மீரச் சைவம் இவற்றை ஆற்றலின் சுருங்கலாகக் காண்கிறது: எங்கும் நிறைந்த சிவமே தன் அளவற்ற ஆற்றலைக் கஞ்சுகங்களால் குறுக்கிக்கொண்டு சிற்றுயிராகத் தோன்றுகிறது என்பதால், அங்கே எல்லை என்பது முழுமையினின்று இறங்கிய நிலை. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டாரின் சிவஞான போதத்தாலும் அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியாராலும் உருப்பெற்ற தமிழ்ச் சைவ சித்தாந்தமோ நேர்மாறான இடத்திலிருந்து தொடங்குகிறது. அதன்படி உயிரை அநாதியாக மூடியிருப்பது ஆணவ மலம்; அதன் பிடியில் உயிரின் இச்சை, ஞானம், கிரியை மூன்றும் செயலற்றுக் கிடக்கின்றன. கலை என்னும் கஞ்சுகம் அந்த மூடலைச் சிறிது விலக்கிச் செயலாற்றலை எழுப்புகிறது. வித்தை அறிவையும் அராகம் விருப்பத்தையும் எழுப்புகின்றன. காலமும் நியதியும் அவற்றுக்கு வரையறை தருகின்றன. எனவே எல்லைக்குட்பட்ட ஆற்றல் என்பது இங்கே இழப்பு அன்று. உயிருக்கு முதன்முதலாகக் கிடைத்த ஆற்றலே அதுதான்.

ஃபோர்க்கின் சான்று சித்தாந்தத்தின் பக்கமே சாய்கிறது. எல்லையற்ற டிராவல் உடைய ஃபோர்க் எங்கும் இல்லை. 120 என்பதும் ஆலை விதித்த ஓர் எல்லையே. ஒரே உடலமைப்புடைய ஃபோர்க் உள்ளமைப்பின் சிறு மாற்றத்தால் பல அளவுகளில் ஆலையிலிருந்து வெளிவருகிறது. ஆகவே ஸ்பேசர் பொருத்துபவர் ஓர் எல்லையைத் தம் நிலத்துக்குப் பொருந்தும் வேறோர் எல்லையால் மாற்றிக்கொள்கிறார். நோன்பும் இவ்வாறானதே. ஒரு வேளை உணவை விடுபவர் பசியையும் வயிற்றையும் அறுத்தெறிவதில்லை. தம் நாளில் ஒரு விதியைச் சேர்க்கிறார். திருவொற்றியூர்க் கடற்கரையில் சமாதி கொண்ட பட்டினத்தாரின் துறவு இதிலிருந்து வேறுபட்டது: அளவைத் திருத்திக்கொள்ளாமல் வண்டியை விட்டே இறங்கிவிட்ட நிலை அது. துறவையும் நியமத்தையும் ஒன்றின் கூடுதல், குறைவான படிகளாக எண்ணுவது பெரும் பிழை. நியமம் உலகில் நிற்க விரும்புவோரின் கருவி. எல்லைக்குள் நிற்பது குறைவாகாது என்பதற்கு அவ்வூர்க் கோயிலே சான்று: அங்கே புற்று வடிவான ஆதிபுரீசுவரர் ஆண்டு முழுவதும் கவசத்துக்குள் இருந்தே வழிபாடு ஏற்கிறார். கார்த்திகைப் பௌர்ணமியையொட்டி மூன்று நாள்கள் மட்டுமே கவசம் அகற்றப்பட்டுப் புனுகும் தைலமும் சாத்தப்படுகின்றன. கவசமிட்ட நாள்களின் வழிபாட்டைக் குறைவுடையது என்று எந்த அடியவரும் கருதுவதில்லை.

எனினும் எந்திரம் ஓர் இடத்தில் துணைவர மறுக்கிறது. ஃபோர்க்குக்கு விருப்பம் இல்லை. பொருத்திய ஸ்பேசரை அது வெறுப்பதும் இல்லை, ஏய்ப்பதும் இல்லை. மனிதனோ தான் ஏற்ற எல்லையைத் தானே ஏய்க்க வல்லவன் என்பதைத் திருவொற்றியூரிலேயே நிகழ்ந்ததாகச் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் கதை காட்டுகிறது. திருவாரூரில் பரவையாரை மணந்திருந்த சுந்தரர், இவ்வூரில் பூமாலை தொடுத்து வாழ்ந்த சங்கிலியாரை விரும்பி இறைவனிடம் வேண்ட, சங்கிலியாரைப் பிரியேன் என்று சபதம் செய்தாலன்றி மணம் கூடாது என்ற நிலை ஏற்பட்டது. சுந்தரர் கோயில் சந்நிதியில் சபதம் செய்வதாகவும், அவ்வேளையில் இறைவன் சந்நிதியை விட்டு மகிழமரத்தடியில் இருக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். இறைவனோ அதைச் சங்கிலியார்க்கு உணர்த்தி, மகிழின் கீழேயே சபதத்தைக் கேட்கச் செய்தார். வசந்தம் வந்தபோது திருவாரூர் நினைவு மேலிட்டுச் சுந்தரர் புறப்பட்டார். ஊரெல்லையைக் கடந்ததும் இரு கண்களும் ஒளி இழந்தன. காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் பெற்றார். மாசித் திருவிழாவில் மகிழடி சேவையாக இந்நிகழ்ச்சி இன்றும் கொண்டாடப்படுகிறது.

சுந்தரரின் தவறு ஊரெல்லையைக் கடந்ததில் தொடங்கவில்லை என்று கொள்வதே பொருத்தம். எல்லையை ஏற்கும் நேரத்திலேயே அது தம்மைக் கட்டாதிருக்க அவர் வழி தேடினார். பேச்சில் சபதம் இருந்தது, கருத்தில் இல்லை. நியமத்தின் உயிர், அதை ஏற்பவன் அறிந்தும் விரும்பியும் ஏற்பதில் உள்ளது. பட்டறையிலும் உடைமையாளரே தம் கையால், தம் நிலத்தை அறிந்து, வேண்டும்போது கழற்றிவிடக்கூடிய ஒரு துண்டைப் பொருத்துகிறார். இவற்றுள் ஒன்று இல்லாவிடினும் அந்தக் குறைப்பின் பொருள் மாறிவிடும்.

இங்கேதான் எல்லையைப் புகழும் சமயப் பேச்சு வடசென்னையில் மிகுந்த கவனத்தோடு நடக்க வேண்டியிருக்கிறது. எண்ணூர்க் கழிமுகத்தின் மீனவர்களுக்கு நீர்ப்பரப்பு சுருங்கியது அவர்கள் நோற்ற நோன்பினால் அன்று; அனல்மின் நிலையங்களின் சாம்பல் கொசஸ்தலையாற்றின் முகத்தில் படிந்ததால். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய் பரவி வலைகளும் படகுகளும் கறுத்தன. அதே மாதம் 26ஆம் நாள் இரவு பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிய, மக்கள் மூச்சுத் திணறி வீடுகளை விட்டு வெளியேறினர். இவர்களிடம் போதுமென்ற மனம் பற்றிப் பேசுவது, பிறர் பூட்டிய விலங்கை விரதம் என்று அழைப்பதாகும்.

நியதியைக் காட்டி இவர்களின் துன்பத்தை நியாயப்படுத்துவோர் உண்டு. ஆனால் சித்தாந்தத்தில் நியதியின் வேலை, ஒருவர் செய்த வினையின் பயன் பிறரைச் சாராமல் அவரையே சாருமாறு நிறுத்துவது. அம்மரபு வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூன்றாகப் பகுக்கிறது: சேர்ந்து கிடப்பது, இப்பிறவியில் நுகர்வது, இப்போது புதிதாகச் செய்வது. எண்ணெய் படிந்த வலையை மீனவரின் பிராரத்தம் என்றே ஒருவர் வாதிட்டாலும், எண்ணெயை ஆற்றில் விட்ட செயல் விட்டவரின் ஆகாமியமாக அவர் கணக்கில் ஏறுகிறது; மீனவர் பொறுத்துக்கொள்வதால் அது தீர்வதில்லை.