அடக்கிப் பழகியது

பள்ளிக்கூடத்தில் தமிழய்யா இடக்கரடக்கலுக்கு ஓர் எடுத்துக்காட்டு சொன்னார்: 'கால் கழுவி வந்தேன்.' வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. நாலு பேர் நடுவில் சொல்லத் தகாததை மறைத்து வேறு சொல்லால் சொல்வது இடக்கரடக்கல் என்று நோட்டில் எழுதிக்கொண்டோம். நன்னூல் அதைத் தகுதி வழக்கில் வைத்திருக்கிறது என்பதும் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தது. அந்தச் சொல்லுக்குள் 'அடக்கல்' என்று ஒன்று இருப்பதை அன்று நான் கவனிக்கவில்லை. சொல்லை அடக்குவது, மலத்தை அடக்குவது, பெண் பிள்ளை அடக்கமாக இருப்பது, எல்லாவற்றுக்கும் நம்மிடம் ஒரே வேர்தான் இருக்கிறது. மூன்றையும் நான் நன்றாகவே கற்றுக்கொண்டேன்.

எனக்கு இப்போது 43 வயது. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டை ஒட்டிய ஓர் எடைமேடையில் சீட்டு போடும் வேலை, 14 வருடமாக. ஜார்ஜ் டவுன் நெரிசலைக் குறைக்க 200 ஏக்கருக்கும் மேல் இடம் ஒதுக்கி சி.எம்.டி.ஏ. ஏற்படுத்திய சந்தை இது. கம்பி, ஆங்கிள், சேனல், காயில் என்று எல்லாம் டிரெய்லரில் வந்து இறங்கும். கிரேன் சத்தமும் கேஸ் கட்டிங் வாடையும் நாள் முழுக்க இருக்கும். வண்டி காலியாக ஒரு தடவை மேடை ஏறும், லோடோடு இன்னொரு தடவை ஏறும். நடுவில் நான் நாற்காலியை விட்டு எழுந்தால் பின்னால் வரிசை சாலை வரை நீளும், ஹாரன் அடிப்பார்கள்.

கழிப்பறை ஷெட்டுக்குப் பின்னால் இருந்தது. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, ஒரு கம்பித் துண்டை வளைத்து மாட்ட வேண்டும். தண்ணீர் உள்ளே வராது. முன்னால் இருக்கும் டிரம்மில் வாளியை நிரப்பி, லோடுமேன்களையும் டிரைவர்களையும் தாண்டித் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஒரு பெண் வாளியோடு நடந்தால் எங்கே போகிறாள் என்று அத்தனை பேருக்கும் தெரியும். சின்ன வாளி என்றால் ஒன்று, பெரிய வாளி என்றால் இரண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே நான் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டேன். காலையில் அரை டம்ளர், மத்தியானம் சோற்றோடு இரண்டு வாய். வீட்டிலோ ஐந்தரை மணிக்கு எழுந்து சமையல், பிள்ளைக்கு டிபன் பாக்ஸ், பஸ். காபி குடித்ததும் வயிறு ஒரு தடவை கூப்பிடும். அப்போது குக்கரும் கூப்பிடும். குக்கருக்குத்தான் போனேன்.

சித்த மருத்துவத்தில் பதினான்கு வேகங்கள் என்று ஒரு கணக்கு உண்டு. தும்மல், கொட்டாவி, பசி, தாகம், தூக்கம், கண்ணீர், சிறுநீர், மலம் என்று உடம்பு தானாக எழுப்பும் பதினான்கு உந்துதல்கள் அவை. இவற்றை அடக்கக் கூடாது, அடக்கினால் அதுவே நோய்க்கு மூலம் என்பார்கள். இன்றைய மருத்துவமும் தன் மொழியில் அதையேதான் சொல்கிறது. மலக்குடல் நிரம்பி விரியும்போது மூளைக்குச் செய்தி போகிறது. நாம் இறுக்கிப் பிடித்தால் அந்தச் செய்தி கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அடங்கியது செய்திதான், மலம் அங்கேயே இருக்கிறது. குடல் அதிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அது காய்ந்து கல்லாகும். வருடக்கணக்கில் இப்படியே செய்தால் மலக்குடலுக்கு உணர்வே மங்குகிறது. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு உடம்பு கூப்பிடுவதையே விட்டுவிடுகிறது. எனக்கு நடந்தது அதுதான். முதலில் இரண்டு நாளுக்கு ஒரு தடவை, பிறகு நாலு நாளுக்கு ஒரு தடவை. கடைசியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் முக்கால் மணி நேரம், கண்ணில் தண்ணீர் வர.

மருந்துக்குக் குறைவில்லை. இந்த ஊரில் மலச்சிக்கலுக்கு மருந்து சொல்லாதவர் இல்லை. விளக்கெண்ணெய், கடுக்காய்ப் பொடி, ராத்திரி வெந்நீரில் உலர்திராட்சை, வாழைத்தண்டு, கொய்யா, இசப்கோல். என் அம்மா சாத்தான்குளம் பக்கத்துக்காரி. "ஏட்டி, எங்கூர்ல இதுக்குன்னே ஒரு செடி வெளையுதுல்லா" என்று நிலவாகைச் சூரணம் வாங்கி வந்தாள். அம்மா சொன்னது பெருமைக்காக மட்டும் சொன்னதல்ல. திருநெல்வேலி சென்னா என்று உலகச் சந்தையில் பெயர் வாங்கிய இலை அது. தூத்துக்குடித் துறைமுகம் வழியாக ஏற்றுமதியாகி, எங்கெங்கோ மாத்திரையாகிறது. எங்கள் பக்கத்துக் காய்ந்த மண்ணில் அம்மா கை பறித்த இலை ஏதோ ஒரு குளிர் நாட்டில் யாரோ ஒருவரின் வயிற்றை இளக்கியிருக்கும். எனக்கும் சில மாதம் இளக்கியது. பிறகு வயிற்றைப் பிடுங்கியெடுக்கும் வலி மட்டும் வந்தது, மலம் வரவில்லை. கீரையும் தண்டும் சாப்பிடச் சாப்பிட வயிறு பானையாக உப்பியது. அது மருந்தின் குற்றமுமல்ல, கீரையின் குற்றமுமல்ல. தெருவில் வண்டிகளை விரட்டிவிட்டு என்ன பயன், வாசல் கேட் பூட்டியிருந்தால்? எங்கே பூட்டியிருக்கிறது என்று பார்க்க யாரிடமும் நான் போகவில்லை.

போகவில்லை என்று சொல்வதும் முழு உண்மையல்ல. தெருமுனை கிளினிக்குக்கு நாலைந்து தடவை போனேன். போய், "கேஸ் டிரபிள் சார்" என்றேன். அவர் கேஸுக்கு மாத்திரை கொடுத்தார். இன்னொரு தடவை "பசிக்கல" என்றேன், டானிக் கொடுத்தார். சோர்வு என்றதற்கு இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். மலச்சிக்கலை அதிகமாக்கும் மாத்திரைகளில் அதுவும் ஒன்று என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும், ஆனால் எனக்கு மலச்சிக்கல் இருப்பது அவருக்குத் தெரியாதே. ஒரு முறை தைரியம் வந்து, "மோஷன் டைட்டா போகுது" என்று முணுமுணுத்தேன். நிமிராமல் "தண்ணி நெறையக் குடிங்க" என்றார். தண்ணீர் குடித்தால் எங்கே போவது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது அதில் பாதியை என் பக்கம் எடுத்துக்கொள்கிறேன்.

இந்தக் காலத்தில்தான் மகளின் பள்ளிப் பாடத்துக்காக வீட்டுக்கு வந்த 'சத்திய சோதனை'யைப் புரட்டினேன். தென்னாப்பிரிக்காவில் வக்கீலாக இருந்தபோது தனக்கு மலச்சிக்கலும் தலைவலியும் இருந்ததை, பேதி மருந்து சாப்பிட்டதை, ஈர மண்ணைத் துணியில் பரப்பி வயிற்றில் கட்டிக்கொண்டதைக் காந்தி ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். இன்னும் பின்னால் ஓரிடம் வருகிறது. சீதபேதிக்குப் பிறகு ஆசனவாயில் வெடிப்பு வந்து, மலம் கழிக்கும் நேரத்து வலியை நினைத்துச் சாப்பிடுவதற்கே பயந்ததாக எழுதுகிறார். அந்த வரியில் என் விரல் நின்றுவிட்டது. சனிக்கிழமை ராத்திரி சோற்றை ஒதுக்கிவைக்கும் எனக்கு அந்தப் பயம் தெரியும். மருந்து மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லாதவர், கடைசியில் டாக்டர் தலாலின் கத்திக்கு உடன்பட்டார். அவர் அதைச் செய்ததைவிட, ஊரே படிக்கும்படி எழுதினாரே, அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. உலகமே பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் இதைச் சொல்லியிருக்கிறார். நான் ஒரு டாக்டரிடம் சொல்ல மாட்டேன் என்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை லீவு போட்டு அரசு மருத்துவமனைக்குப் போனேன். வடசென்னையில் பழைய ஆட்கள் ஸ்டான்லியை இன்றும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள், பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து வளர்ந்தது என்பதால். அரசு மருத்துவமனை என்றாலே நமக்கு அந்தக் கஞ்சி வரிசைதான் மனதில் வருகிறது, தட்டை நீட்டக் கூசுவது போன்ற ஒரு கூச்சம். வரிசையில் மூன்று மணி நேரம் நின்றேன். குடல் நோய்ப் பிரிவில் இருந்த டாக்டரம்மா என் மகளைவிடப் பத்து வயதுதான் பெரியவளாக இருப்பாள்.

"சொல்லுங்கம்மா."

"மலம் போக மாட்டேங்குது" என்றேன். அந்தச் சொல்லை முதல் தடவையாக ஒரு அந்நியரிடம் சொன்னேன். வானம் இடிந்து விழவில்லை. அவள் ஒரு படத்தை எடுத்து நீட்டினாள். பிரிஸ்டல் அட்டவணை என்று அதற்குப் பெயர், 1997ல் பிரிட்டன் மருத்துவர்கள் வெளியிட்டது. ஆட்டுப்புழுக்கை போல இருப்பதிலிருந்து வெறும் தண்ணீர் வரைக்கும் ஏழு வகை. எது என்று விரல் வைத்துக் காட்டினால் போதும். முதல் படத்தில் விரல் வைத்தேன். எத்தனை வருடம், எத்தனை நாளுக்கு ஒரு தடவை, ரத்தம் வருகிறதா, எடை குறைந்ததா, வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்ததா, என்னென்ன மாத்திரை என்று கேட்டுக்கொண்டே வந்தவள், அதே குரலில் கேட்டாள்:

"எப்பவாவது விரலால எடுத்துவிட வேண்டி வருதாம்மா?"

எனக்குப் பேச்சு வரவில்லை. ஆறு வருடமாக நான் செய்துவந்தது அது. கணவருக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியாது. செத்தாலும் யாருக்கும் தெரியக் கூடாது என்று சாமியிடம் வேண்டியிருக்கிறேன். உலகத்திலேயே இந்தக் கேவலத்தைச் செய்கிறவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். தலையை மட்டும் அசைத்தேன். அவள் "சரி" என்று சொல்லி எழுதிக்கொண்டாள். முகம் கொஞ்சமும் மாறவில்லை. நாள்பட்ட மலச்சிக்கலை உறுதிசெய்ய உலகமெங்கும் மருத்துவர்கள் வைத்திருக்கும் ரோம் அளவுகோலில் ஆறு அடையாளங்கள் உண்டு. முக்குவது, கட்டியாகப் போவது, முழுதும் போகாத உணர்வு, அடைத்தாற்போல இருப்பது, வாரம் மூன்று தடவைக்குக் குறைவாகப் போவது. ஆறாவது, கையால் உதவி செய்துகொள்வது. என் ரகசியம் அச்சடித்த பட்டியலில் இருந்தது. அத்தனை பேர் செய்கிறார்கள் என்பதால்தானே அது பட்டியலில் ஏறியிருக்கிறது? அன்று ஆஸ்பத்திரி மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் அழுததல்ல.

கையுறை போட்டுச் சோதித்துப் பார்த்தாள். நர்ஸ் ஒருத்தி என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "இறுக்குங்க", "இப்ப முக்குங்க." இரண்டுக்கும் என் உடம்பு ஒன்றையே செய்ததாம். முக்கும்போது தளர வேண்டிய தசை, எனக்கு இறுகுகிறது. பிறகு 50 மில்லி தண்ணீர் நிரப்பிய ஒரு சின்ன பலூனை உள்ளே வைத்து வெளியேற்றச் சொல்லும் சோதனை. சாதாரணமாக ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும். எனக்கு வரவில்லை. பூட்டு எங்கே என்று தெரிந்துவிட்டது. தைராய்டு, சர்க்கரை, கால்சியம், ஹீமோகுளோபின் பார்த்தார்கள். தைராய்டு குறைந்தாலும் இப்படி ஆகும், எனக்கு அது சரியாக இருந்தது. இரும்பு மாத்திரையை நிறுத்திவிட்டு வேறு வழி சொன்னார்கள்.

வைத்தியம் என்பது பெரும்பாலும் மறுபடி பழகுவதுதான். அடக்கப் பழகிய உடம்புக்கு விடப் பழக்குவது. பயிற்சியின்போது திரையில் என் தசை இறுகுவதும் தளர்வதும் கோடாகத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே வயிற்றால் மூச்சை இழுத்து, இடுப்பைத் தளர்த்த வேண்டும். முதல் இரண்டு தடவை ஒன்றும் பிடிபடவில்லை. நாலாவது தடவை கோடு இறங்கியபோது, சொல்லிக்கொடுத்தவர், "பாத்தீங்களா, இதான்" என்றார். தண்ணீரில் கலந்து குடிக்கும் ஒரு பொடி, மலத்தில் ஈரம் நிற்க. காலையில் ஏதாவது சாப்பிட்டுக் கால் மணி நேரத்துக்குள் போய் உட்கார வேண்டும், வந்தாலும் வராவிட்டாலும். சாப்பாடு இறங்கியதும் பெருங்குடல் தானாக அசைகிற நேரம் அது. வீட்டில் வெஸ்டர்ன் வைத்திருப்பவர்கள் காலுக்குக் கீழே ஒரு சின்ன முக்காலி போட்டுக்கொண்டால் குத்துக்காலிட்டு உட்காரும் வாட்டம் கிடைக்கும். எங்களுடையது இந்தியன், அதனால் அந்தச் செலவு இல்லை. பத்து மாதமாகிறது. இப்போது பெரும்பாலும் இரண்டு நாளுக்கு ஒரு தடவை. சில வாரம் பழையபடி ஆகிறது. விரலைத் தேடவில்லை.

டாக்டரம்மா ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னாள், அதை அப்படியே இங்கே வைக்கிறேன். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை இறங்குவது, ரத்தசோகை, நடு வயதுக்குப் பிறகு திடீரென்று பழக்கம் மாறுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் நாள் கடத்தாமல் போய்ப் பார்க்க வேண்டும். மலமும் காற்றும் இரண்டுமே நின்று, வயிறு உப்பி, வாந்தியும் வந்தால் அன்றைக்கே.

1948ம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 19வது பிரிவு ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்றது. கடைகளில் நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021ல் சட்டம் வந்தது, அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன். ஆனால் எங்கள் எடைமேடை போன்ற இடங்களில் சட்டம் வருவதற்கு முன்னால் லாரி வந்துவிடுகிறது. துறைமுகத்துக்குள் நுழைய எண்ணூர் சாலையில் மணிக்கணக்காக நிற்கும் கன்டெய்னர் டிரைவர்கள், வண்டியை விட்டு இறங்க முடியாமல் என்ன செய்கிறார்கள் என்று யோசிக்காமல் இப்போதெல்லாம் என்னால் அந்த வரிசையைத் தாண்ட முடிவதில்லை. எங்கள் முதலாளியிடம் தாழ்ப்பாளுக்கும் குழாய்க்கும் கேட்டேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன், இடக்கரடக்கல் இல்லாமல். அவர் காது சிவந்துவிட்டது. தாழ்ப்பாள் வந்துவிட்டது, குழாய் இன்னும் வரவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், விரல் விஷயம் உட்பட. முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை. ஒரு கொத்து முழுவதும் உருவி முடித்துவிட்டு, "நீ பொறந்ததுல இருந்து எனக்கும் அப்படித்தாம்ட்டி" என்றாள். 43 வருடம். ஒரே வீட்டில், ஒரே கழிப்பறையில், ஒருவருக்கொருவர் தெரியாமல்.

நாளைக்கு அவளைக் கூட்டிப் போகிறேன். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு இருட்டில் கேட்டாள்: "அந்தப் பிள்ளைட்ட என்னன்னு சொல்லணும்? வார்த்தையச் சொல்லிக் குடு."

சொல்லிக் கொடுத்தேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.