நாம் வென்றோம், அவர்கள் தோற்றார்கள்

2018 மார்ச் 17, சனிக்கிழமை. தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிற்றுக்கு முந்தைய இரவு. தாராசுரத்தில் பட்டுத்தறி வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் வீட்டுக் கூடத்தில், அக்கம்பக்கத்தார் நால்வரோடு தொலைக்காட்சியின்முன் அமர்ந்திருந்தோம். பெங்களூரில் இந்தியன் சூப்பர் லீக் கால்பந்தின் இறுதி ஆட்டம். பெங்களூரு அணியை அதன் சொந்த அரங்கிலேயே சென்னையின் அணி எதிர்கொண்டது. ஒன்பதாம் நிமிடத்திலேயே சுனில் சேத்ரி பாய்ந்து தலையால் முட்டிக் கோல் போட்டார். கூடத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. பின்னர் பிரேசில் நாட்டவரான மெயில்சன் ஆல்வெஸ், இரண்டு கார்னர் உதைகளைத் தலையால் முட்டி இரண்டு கோல்களாக்கினார். இரண்டாம் பாதியில் ரஃபேல் அகஸ்டோ மூன்றாவதைப் போட்டார். கடைசி நேரத்தில் பெங்களூரு ஒன்றைத் திருப்பித் தந்தது. எனினும் 3-2 என்ற கணக்கில் கோப்பை சென்னைக்கே வந்தது.

"நாம ஜெயிச்சுட்டோம்!" என்று எல்லாரும் எழுந்து கூவினோம். ஓரமாக உட்கார்ந்து ஜெபமாலை சொல்வதுபோல் தறி நூலின் சிக்கலைப் பிரித்துக்கொண்டிருந்த நண்பரின் தாயார் நிமிர்ந்து பார்த்து, "ஏன் தம்பி, நீங்க ஒருத்தரும் இடத்தைவிட்டு அசையலையே, எப்படி ஜெயிச்சீங்க?" என்றார்.

எல்லாரும் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்பிலேயே இன்னொன்றும் நிகழ்ந்திருந்தது. அந்தத் தவக்காலத்தில் மாலைக் காப்பியையும் அதனோடு வரும் பலகாரத்தையும் விட்டுவிடுவதாக நேர்ந்துகொண்டிருந்தோம். குடந்தைப் பக்கத்தில் வாழ்பவருக்கு இது சிறிய ஒறுத்தலன்று. மூன்றாவது கோலின் ஆரவாரத்தில் யாரோ கையில் கொடுத்த பித்தளை டவராவை வாங்கி, கள்ளிச்சொட்டாக இறங்கிய காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்த பிறகே நேர்ச்சை நினைவுக்கு வந்தது.

காப்பியின் கணக்கைப் பிறகு பார்ப்போம். அந்தத் தாயாரின் கேள்விதான் இத்தனை ஆண்டுகளாக நம்மை விடவில்லை. ஆடாதவன் எந்த உரிமையில் 'நாம் வென்றோம்' என்கிறான்?

தமிழில் இந்தக் கேள்வி மேலும் கூர்மையாகிறது. நமக்கு 'நாங்கள்' என்றும் 'நாம்' என்றும் இரண்டு சொற்கள் உண்டு. 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே நிற்கிறார். 'நாம்' என்றால் அவரும் உள்ளே வந்துவிடுகிறார். வெற்றி பெற்ற ரசிகன் யாரைக் கண்டாலும் 'நாம்' என்கிறான். அந்த மூதாட்டியையும் கேளாமலே உள்ளே இழுத்துக்கொண்டோம். அதனால்தான் அவர் கணக்குக் கேட்டார்.

ரசிகனின் ஆண்டு திருவழிபாட்டு ஆண்டைப் போலவே ஏற்றமும் இறக்கமும் உள்ளது. 2014இல் தொடங்கப்பட்ட சென்னையின் எஃப்சி, 2015 பருவத்தின் நடுவில் பட்டியலின் அடியில் கிடந்தது. அங்கிருந்து எழுந்து அரையிறுதிக்கு வந்த வேளையில் டிசம்பர் வெள்ளம் சென்னையை மூழ்கடித்தது. சொந்த மண்ணில் நடக்க வேண்டிய ஆட்டம் புணே நகருக்கு மாற்றப்பட்டது. டிசம்பர் 20, திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறு, கோவாவில் இறுதி ஆட்டம். முடிவு நெருங்கிய வேளையில் 1-2 எனப் பின்தங்கிய அணி, கடைசிச் சில நிமிடங்களில் இரண்டு கோல்கள் பெற்று 3-2 என வென்றது. வீடிழந்தவர்கள் முகாம்களிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த அந்த நாள்களில், ஒரு பந்து கோட்டைக் கடந்தது யாருடைய கூரையையும் திருப்பித் தரவில்லை. ஆயினும் அந்த இரவில் பலர் அழுததை நாம் பொய்யென்று சொல்ல மாட்டோம்.

இதற்கு நேர்மாறான பருவமும் வந்தது. 2018இல் கோப்பை வென்ற அதே அணி, அடுத்த பருவத்தில் 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றிகளும் 9 புள்ளிகளும் பெற்று, பத்து அணிகளில் பத்தாவதாக முடிந்தது. பிறகு மீண்டும் ஓர் எழுச்சி. 2020 மார்ச் 14இல் மீண்டும் ஓர் இறுதி ஆட்டம். கொள்ளைநோய் அச்சத்தால் ஆளில்லாத கோவா அரங்கில், கொல்கத்தா அணியிடம் 1-3 என்று தோல்வி.

இவற்றுள் நம் மனச்சான்று நின்றுவிடும் இடம் அந்தப் பத்தாம் இடந்தான். அந்தப் பருவத்தில் நாம் சொன்ன சொற்களை நினைத்துப் பார்க்கிறோம். "அவனுங்க உருப்பட மாட்டானுங்க", "அவர்களுக்கு ஆடவே தெரியவில்லை." முந்தைய மார்ச்சில் 'நாம்' என்றிருந்த அணி, எந்த அறிவிப்புமின்றி 'அவர்கள்' ஆகிவிட்டது. நான்காவது தோல்விக்குப் பிறகு நண்பரின் வீட்டுக்குப் போவதையும் நிறுத்திவிட்டோம்.

இது நம் ஒருவரின் குறையன்று என்று அறிந்தபோது சிறிது ஆறுதலும் மிகுந்த அச்சமும் தோன்றின. 1976இல் அமெரிக்க உளவியல் அறிஞர் ராபர்ட் சியால்டினியும் அவருடைய தோழர்களும், பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் கல்லூரி அணியைப் பற்றிப் பேசுவதை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அணி வென்ற ஆட்டத்தை விவரிக்கும்போது 'நாங்கள்' என்ற சொல் மிகுதியாக வந்தது. தோற்றதைச் சொல்லும்போது அது குறைந்தது. வெற்றியை அடுத்து வந்த திங்கட்கிழமையில் கல்லூரிச் சின்னம் பொறித்த உடை அணிந்து வந்தோரும் மிகுதி. மனித மனம் ஒளியருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறது. விளக்கு அணைந்தால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறது.

நம் மாவட்டத்துக் கதை ஒன்றும் இங்கே நினைவுக்கு வருகிறது. தஞ்சையைச் சேர்ந்த காலியா குலோத்துங்கன், கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணிக்கு நடுக்கள ஆட்டக்காரராக விளங்கியவர். 2003இல் ஜகார்த்தாவில் ஆசியான் கழகக் கோப்பையை வென்ற அணியில் அவரும் இருந்தார். சோழ மன்னரின் பெயரைத் தாங்கிய நம் பிள்ளை கடல் கடந்து வென்று வந்தபோது, காவிரிக் கரையில் அவர் பெயரை அறிந்திருந்தோர் எத்தனை பேர்? 2018 அக்டோபரில் தஞ்சையில் நேர்ந்த சாலை விபத்தில் அவர் இறந்த செய்தியைப் படித்த பிறகே, "நம்ம ஊர்க்காரராமே!" என்று நாமும் சொன்னோம். ஒரே மண்ணில் பிறந்தது 'நாம்' என்று சொல்லப் போதுமா? அவருடைய ஆட்டத்துக்கென வெயிலிலும் மழையிலும் வரிசையில் நின்ற வங்காளத்துத் தொழிலாளிக்கு அந்தச் சொல்லில் நம்மைவிட உரிமை உண்டு என்றே தோன்றுகிறது.

அப்படியானால் ரசிகனின் மகிழ்ச்சி வெறும் மாயைதானா? காப்பியும் கால்பந்தும் நல்ல கிறிஸ்தவனுக்கு ஆகாதவையா? புனித தாமஸ் அக்குவினாஸ் அப்படிச் சொல்லவில்லை. உழைத்த உடலுக்கு ஓய்வு வேண்டியிருப்பதுபோல், உழைத்த உள்ளத்துக்கும் ஓய்வு வேண்டும். அந்த ஓய்வு விளையாட்டிலும் களிப்பிலும் கிடைக்கிறது என்பது அவர் கருத்து. எப்போதும் நாணேற்றியே வைத்திருக்கும் வில் முறிந்துபோகும் என்று புனித அருளப்பர் சொன்னதாக வழங்கும் பழங்கதையை அவரும் எடுத்தாள்கிறார். களிப்பே அறியாமல் பிறருக்குப் பாரமாக வாழ்வதையும் அவர் குறையாகவே எண்ணினார். ஆனால் சில எல்லைகளையும் வைத்தார்: இழிவானதிலும் பிறருக்குத் தீங்கானதிலும் இன்பம் தேடலாகாது, உள்ளத்தின் நிதானம் முற்றிலும் கரைந்துவிடலாகாது, ஆளுக்கும் இடத்துக்கும் காலத்துக்கும் அது பொருந்த வேண்டும்.

இந்த உரைகல்லில் நம் காப்பியை உரைத்துப் பார்த்தால், நேர்ச்சை மறந்தது பெருங்குற்றமாகத் தெரியவில்லை. வென்ற இரவில் காப்பி விருந்து; தோற்ற இரவில் வாழைக்காய் பஜ்ஜி மருந்து. இரண்டு இரவிலும் உண்டோம் என்பதே உண்மை. இதில் நகைப்பு உண்டு, பெரிய கேடில்லை. கேடு வேறிடத்தில் இருந்தது. அதை நாம் கண்டுகொண்ட நாளைச் சொல்லியாக வேண்டும்.

2019 ஏப்ரல் 19, பெரிய வெள்ளிக்கிழமை. அன்று பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாயின. நம் மகன் ஒரு பாடத்தில் தவறிவிட்டான். பத்தாம் வகுப்பில் அவன் நல்ல மதிப்பெண் பெற்றபோது, "என் பிள்ளை" என்று கடைத்தெரு முழுவதும் மிட்டாய் கொடுத்த நாம், அன்று சமையலறை வாசலில் நின்று இல்லாளை நோக்கி, "உன் பிள்ளை செய்ததைப் பார்த்தாயா?" என்றோம். அவர் ஒன்றும் பேசவில்லை. கூடத்தில் இருந்த மகன் எழுந்து கொல்லைப்புறம் போனான்.

அன்று காலையிலிருந்து நாம் ஒருவாய்க் காப்பி குடிக்கவில்லை. நோன்பை மிகச் சரியாகக் காத்தோம். வயிற்றைக் கட்டினோம், நாவைக் கட்டவில்லை. மாலையில் திருப்பாடுகளின் வாசகத்தில், இயேசுவை அறியேன் என்று பேதுரு மறுதலித்த பகுதி வந்தபோது, நண்பரின் வீட்டில் சொன்ன 'நாம்', 'அவர்கள்', அன்று காலை சொன்ன 'உன் பிள்ளை' எல்லாம் ஒரே குடும்பத்துச் சொற்களாக நம் காதில் விழுந்தன. மாலைக் காப்பியைவிட மலிவான, அதைவிடப் போதையான ஓர் அன்றாட இன்பம் உண்டு: தோல்வியின் நிழல் தன்மேல் விழாதபடி, நேற்றுவரை 'நம்முடையது' என்றதை இன்று பிறர் தலையில் இறக்கிவிடும் இன்பம். அதைத் துறப்பதாக எந்தத் தவக்காலத்திலும் நாம் நேர்ந்துகொண்டதில்லை.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் சிறுவயது முதலே புவனோஸ் ஐரிஸ் நகரின் சான் லொரென்சோ அணியின் ரசிகர். தெருவில் பந்தாடிய சிறுவர்களுக்குக் கோவில் வளாகத்தில் இடமளித்த லொரென்சோ மாஸா என்ற குருவின் துணையோடு 1908இல் பிறந்த அணி அது. 1979இல் அது தன் பழைய அரங்கை இழந்தது. அந்த நிலத்தில் பின்னர் அங்காடி எழுந்தது. 1981இல் முதல் பிரிவிலிருந்தே கீழே தள்ளப்பட்டது. அவர் விலகவில்லை. 1990 ஜூலையில் கார்மேல் அன்னைக்கு நேர்ந்துகொண்டு, தொலைக்காட்சி பார்ப்பதையே அவர் விட்டுவிட்டார். உரோமைக்கு வந்த பிறகும், சுவிஸ் காவலர் ஒருவர் வாரந்தோறும் ஆட்ட முடிவுகளையும் பட்டியலில் அணியின் இடத்தையும் குறித்துத் தம் மேசைமேல் வைத்துவிட்டுப் போவார் என்று 2015இல் ஒரு நேர்காணலில் அவர் கூறினார். பார்க்கும் இன்பத்தைத் துறந்தார், உறவைத் துறக்கவில்லை. நாமோ பார்க்கும் இன்பத்தைப் பற்றிக்கொண்டு, அது கசந்தவுடன் உறவை விட்டோம்.

தாராசுரம் கோவிலுக்கு வருவோர் எல்லாரும் தேடிப் பார்க்கும் சிற்பம் ஒன்றுண்டு. இரண்டாம் இராசராசன் காலத்துச் சிற்பி, காளை ஒன்றையும் யானை ஒன்றையும் எதிரெதிராக நிறுத்தி, இரண்டுக்கும் ஒரே தலையைச் செதுக்கியிருக்கிறார். ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்தால் காளை. மறுபக்கத்தை மறைத்தால் யானை. வழிகாட்டிகள் கையை வைத்து மறைத்துக் காட்டுவார்கள், பிள்ளைகள் வியப்பார்கள். 2015இன் அணியும் 2019இன் அணியும் அப்படித்தான். மிட்டாய் கொடுத்த நாளின் மகனும் கொல்லைப்புறம் போன நாளின் மகனும் அப்படித்தான். கையை வைத்து ஒன்றை மறைத்தது நாமே. தலை எப்போதும் ஒன்றுதான்.

அவ்வாண்டு உயிர்ப்புப் பெருவிழாவுக்கு மறுநாள், மகனை அழைத்துக்கொண்டு அந்த நண்பரின் வீட்டுக்குப் போனோம். வழியில் அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். "சரிப்பா, விடுங்க" என்றான். பல மாதங்களாக எட்டிப் பாராத நம்மை, நண்பர் எதுவும் நிகழாததுபோல் வரவேற்றார். பேச்சு கால்பந்துக்குத் திரும்பியது. "எல்லா ஆட்டமும் பார்த்தேன் சார். நாம ரொம்ப மோசமா ஆடினோம்" என்றார். பத்தாம் இடத்திலும் அவருக்கு அது 'நாம்'தான்.

நம் மகன் ஜூன் மாதத் துணைத் தேர்வில் தேறினான். அவன் தேறாதிருந்தாலும் இந்தக் கட்டுரையில் ஒரு வரியும் மாறியிராது.

அந்தத் தாயாரின் கேள்விக்கு இப்போது நம்மிடம் ஒரு பதில் உண்டு. இடத்தைவிட்டு அசையாமலிருந்துவிட்டு எப்படி ஜெயித்தீர்கள் என்றார். ரசிகன் பந்தை உதைப்பதில்லை, வியூகம் வகுப்பதில்லை. அவனால் ஆகக்கூடியது ஒன்றுதான்: தோற்ற நாளிலும் இடத்தைவிட்டு அசையாதிருப்பது. அதைச் செய்தவனுக்கு வெற்றி நாளில் 'நாம்' என்று கூவ உரிமை உண்டு. வீட்டிலும் பங்கிலும் இதற்கு வேறு அளவுகோல் இல்லை. திருவிழா சிறந்தால் 'நம் பங்கு' என்றும், பூசல் எழுந்தால் 'அந்தப் பங்குக்காரர்கள்' என்றும் பேசும்போது, சொல் மாறிய அந்த நொடியில் சற்று நின்று பார்ப்போம்.

இத்தவக்காலத்திலும் மாலைக் காப்பியை விட்டிருக்கிறோம். மறந்து குடித்துவிட்டால் முன்போல் அஞ்சப்போவதில்லை. 'உன் பிள்ளை' என்ற சொல் நாவின் நுனிவரை வந்து திரும்பும் நாள்களைத்தான் இப்போது எண்ணிக்கொண்டிருக்கிறோம்.