பொறுமை யார் மீது கடமை?



நோயாளியைக் காணச் செல்கிறோம். ஸலாம் கூறித் தலைமாட்டில் அமர்கிறோம். "ஸப்ரு செய்யுங்கள், எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்" என்று சொல்லி, துஆச் செய்துவிட்டுத் திரும்புகிறோம். காய்ச்சல்காரருக்கு இது போதும். பத்து நாளில் அவர் எழுந்துவிடுவார். ஆனால் மூட்டுகள் முடங்கி, அதனோடு மனமும் சோர்ந்து, பத்தாண்டுகளாகச் சுவரைப் பார்த்தபடி கிடக்கும் ஒரு மகளுக்கு? அவளிடமும் இந்த ஒரு சொல்லை மட்டுமே கொண்டு போவோமானால், பொறுமை அவளுடைய கடமை, நம்முடைய கடமை எது என்ற கேள்வி எழத்தானே செய்யும்?

நோயில் பொறுமை உயர்ந்த குணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பொறுமைக்கு உதாரணமான ஐயூப் நபி (அலை) அவர்களே தம் துன்பத்தை இறைவனிடம் முறையிட்டார்கள் என்று திருமறை கூறுகிறது (21:83). யஃகூப் நபி (அலை) அவர்களின் கண்கள் மகனைப் பிரிந்த துயரத்தால் வெளுத்துப் போயின (12:84). ஆகவே வேதனையை வெளியிடுவது ஈமானின் குறைவு ஆகாது. தொழுகையில் பேணுதல் இருந்தால் மனநோய் வருமா என்று கேட்போர் இந்த நபிமார்களின் வரலாற்றை மறந்தே பேசுகிறார்கள்.

ஷரீஅத் நோயாளியிடம் காட்டும் பரிவைப் பாருங்கள். நிற்க இயலாதவர் உட்கார்ந்து தொழலாம். அதுவும் இயலாதவர் படுத்துத் தொழலாம். தீராத நோயால் நோன்பு நோற்க முடியாதவர் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளிப்பது போதும். புத்தி தெளியாதவரை விட்டும், அவர் தெளியும் வரை, பேனா உயர்த்தப்பட்டுவிட்டது என நபி (ஸல்) அவர்கள் அருளினார்கள். ஆனால் அவரை விட்டு உயர்த்தப்பட்ட பேனா நம்மை விட்டு உயர்த்தப்படவில்லை. அவரை நாம் எப்படி நடத்தினோம் என்பது எழுதப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்பி ஓட வழியின்றிச் சிக்கினர். 28 உயிர்கள் போயின. தர்காவுக்குச் சென்றால் குணமாகும் என்ற நம்பிக்கையோடு பல சமயத்துக் குடும்பங்களும் நோயாளிகளை ஏர்வாடியில் விட்டுச் செல்வது வழக்கமாக இருந்தது. அப்படி விட்டுச் சென்றவர்கள் எல்லோரும் கல்நெஞ்சர்கள் அல்லர், களைத்துப் போனவர்கள். துணைக்கு எவரும் வராத வீட்டில் ஒருநாள் பொறுமை தீர்ந்துபோகிறது. அங்கேதான் சங்கிலி நுழைகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை எவ்வகையிலும் தடை செய்துவிட்டது. ஆனால் அந்தக் களைப்பைத் தீர்க்க வேண்டியவர்கள் நாமல்லவா?

துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல. மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பது நபிமொழி. 934இல் மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ உடல்நோய், உள்ளநோய் இரண்டையும் ஒரே நூலில் வைத்து ஆராய்ந்தார். நம் தாம்பரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1928இல் டாக்டர் சௌரி முத்து இங்கே காசநோய்ச் சானடோரியம் நிறுவிய காலத்தில், அந்த நோயின் பெயரைச் சொல்லவே குடும்பங்கள் கூசின. மருந்து வந்தது, கூச்சமும் குறைந்தது. இன்று சானடோரியம் என்பது ஒரு ரயில் நிலையத்தின் பெயர். மனநோயைப் பற்றிய கூச்சமும் அவ்வாறே ஒழிய வேண்டும்.

"மாற்றுத்திறனாளி என்று சான்று வாங்கினால் தங்கைக்கு வரன் அமையாதே, அரசு உதவி வாங்குவது யாசகம் ஆகாதா?" என்று தயங்குவோர் உண்டு. வரனுக்காக ஒரு பிள்ளையை மறைத்து வைப்பது அநீதி என்பதை அவர்களின் மனசாட்சியே அறியும். யாசகம் பற்றிய ஐயத்துக்கோ உமர் (ரலி) அவர்களின் செயல் விடை தருகிறது. பார்வையிழந்து யாசித்து நின்ற யூத முதியவருக்கு அவர்கள் பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை ஏற்படுத்தியதை இமாம் அபூ யூசுஃப் பதிவு செய்திருக்கிறார். இயலாதவருக்குப் பொது நிதியில் உரிமை உண்டு என்பதே அதன் பொருள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் சேர்த்து 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்புள்ளவர்களுக்குத் தனிச் சலுகைகள் தருகிறது. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. மன உளைச்சலுக்கு ஆலோசனை கேட்க 14416 என்ற இலவசத் தொலைபேசி எண் 2022 முதல் இயங்குகிறது.

இவற்றை அடைய ஓர் ஆள் துணை வேண்டும். நாள் முழுதும் வரிசையில் நிற்க நோயாளியால் இயலாது. அவரைத் தனியே விட்டு வர உம்மாவாலும் இயலாது. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் ஜமாஅத்துகள் ஒவ்வொன்றிலும் இரண்டு இளைஞர்கள் இதற்கென முன்வரட்டும். பள்ளிவாசல் வாயிலில் சக்கர நாற்காலி ஏறச் சரிவுப் பாதை அமையட்டும். வாரம் ஒரு பிற்பகலாவது பெண்கள் சென்று அமர்ந்து, அந்த உம்மாவைக் கொஞ்சம் உறங்கவிடட்டும். அதுவும் ஸதக்காவே.

இவ்வளவும் செய்த பின் நோயாளியிடம் பொறுமையைப் பற்றிப் பேசுவோம். அப்போது அந்தச் சொல் அவருக்கு ஆறுதலாக இருக்கும். அல்லாஹ் நம் நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், அவர்களைப் பேணுவோருக்கு வலிமையையும், நமக்குக் கடமையுணர்வையும் அருள்வானாக! ஆமீன்.